மதினி சிடி எழுதிய விஜயதசமி

என் அண்ணனை இதில் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவன்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் பழக்கம் அப்படி. அவன் மனைவியை, அதாவது என் மதினியை, ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வராது. மக்கர் பண்ணிய ஒரு மிஷினுக்கு முன்னால் அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதைப் பார்த்த யாருக்கும் கை வராது.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீடு புதுவயலை ஒட்டி இருந்தது. அப்பா காலமான பிறகு நிலத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு டிராக்டர், இரண்டு பம்புசெட், அவை ரிப்பேரானால் வருகிற கோபம், இவைதான் என் சொத்து. அண்ணன் சிங்கப்பூரில் எஞ்சினியர். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் வருஷத்துக்கு ஒரு மாத லீவில் வந்து போகிறவனாகவே இருந்தான். மதினி கண்டரமாணிக்கத்துப் பெண், எம்.எஸ்ஸி. பிஸிக்ஸும் பி.எட்டும் படித்தவர். அம்மாவோடும் என்னோடும் இருந்துகொண்டு காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தார்.

வேலை என்றால் நிரந்தர வேலை இல்லை. பிரசவ லீவில் போகிற டீச்சருக்குப் பதில் ஆள். அந்த டீச்சர் குழந்தை பெற்றுத் திரும்பிவிட்டால் மதினி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். “எந்த டீச்சருக்குப் பிள்ளை பிறக்கப்போகுதுன்னு டாக்டரம்மாவுக்கு அடுத்து எனக்குத்தான் தம்பி தெரியும்” என்பார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் காரைக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளியில் புதிதாகக் கம்ப்யூட்டர் அறை கட்டினார்கள். கம்ப்யூட்டரை வைத்து அறிவியல் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும், நிரந்தர வேலை, பூஜை லீவு முடிந்த திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு என்று செய்தி வந்தது. தாங்களே தயாரித்த பாடம் ஏதாவது இருந்தால் கொண்டுவந்து காட்டலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தான். அவனுக்கும் மதினிக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்மாவுக்கு முன்னாலேயே, சாப்பிடும்போதே பேசி முடித்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் மதினி தை மாதம் சிங்கப்பூருக்குப் போய்விட வேண்டும். அண்ணன் அங்கே குடும்பத்தோடு இருப்பதற்கு ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மதினிக்கோ அங்கே போவதற்கு மனசே இல்லை. “அங்க போயி நான் என்ன செய்ய? பதினோராம் மாடியில நின்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கணும்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவனிடம் சரி என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

அண்ணன் தன் கம்பெனி லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தான். கூடவே ஒரு சிடி ரைட்டர். லேப்டாப்புக்குள் இல்லாமல் தனியே ஒரு பெட்டி அது. அதற்குத் தனி கரண்ட் வயர், லேப்டாப்பின் முதுகில் செருகுவதற்குத் தடியாக இன்னொரு வயர். மூடியைத் தூக்கினால் நடுவில் ஒரு குமிழ், அதன் பக்கத்தில் பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு கண்ணாடி. சிடியைக் குமிழில் அழுத்திப் பொருத்தி மூடியைச் சாத்த வேண்டும். ‘எரிக்கிறது’ என்று அண்ணன் சொல்வான். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் ‘எழுதுகிறது’ என்றே சொன்னோம்.

மதினி கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அந்த மாதம்தான். அண்ணன் தூங்கி எழுவதற்குள் ஒரு பாடு உட்கார்ந்துவிடுவார். மூன்று வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஒரு பாடம் தயாராகிவிட்டது. ஊருணித் தண்ணீருக்குள் ஒரு குச்சியை விட்டால் அது முறிந்த மாதிரி தெரிகிறதே, ஏன் என்பதுதான் பாடம். ஊருணிப் படிக்கட்டு, தண்ணீர், குச்சி, கண்ணை நோக்கி வளைந்து வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் மவுஸைப் பிடித்தே வரைந்திருந்தார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நூலளவு வித்தியாசம். அடுத்தடுத்து ஓட்டினால் குச்சி தண்ணீரில் இறங்கும். “குச்சிய யாரும் முறிக்கலை, பயப்படாதீங்க” என்று அவருடைய குரலே பாடத்தைத் தொடங்கி வைக்கும். நான் அதைப் பார்த்தபோது, சின்ன வயசில் எனக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக்கொடுத்திருந்தால் டிராக்டர் ஓட்டப் போயிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். “டிராக்டருக்கு என்ன குறைச்சல்?” என்றார்.

இந்தப் பாடம் ஃபிளாப்பியில் அடங்காது, அத்தனை பெரிசு. லேப்டாப்போ கம்பெனியுடையது. நேர்முகத் தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் மெட்ராஸ் பஸ் ஏறும்போது அதுவும் ஏறிவிடும். அதற்குள் பாடத்தை ஒரு சிடியில் எழுதியாக வேண்டும். காலி சிடி காரைக்குடியில் அப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் கட்டுதான் எங்களிடம் இருந்தது.

புதன்கிழமை அண்ணன் தன் ஆபீஸ் வேலையை ஒரு சிடியில் எழுதிப் பார்த்தான். ஒரே தடவையில் எழுதிவிட்டது. “அவ்வளவுதான், இதுல என்ன இருக்கு?” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பாடத்தையும் அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு இடத்தில் தன் குரல் மதினிக்குத் திருப்தி தரவில்லை. வியாழக்கிழமை காலையில் அதைத் திரும்பப் பேசிச் சேர்த்தார். சேர்த்து முடிப்பதற்கும் அம்மா வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை.

எங்கள் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத சாமான் கிடையாது. புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் அது வீட்டுச் சாமான். ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி, டிவிக்குக் கீழே இருந்த ஸ்டெபிலைசர் உட்பட எல்லாவற்றுக்கும் நெற்றி என்று ஒரு இடத்தை அம்மா கண்டுபிடித்துவிடும். ஆயுத பூஜையன்று கேட்கவே வேண்டாம். மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் சாவி, மதினியின் புத்தகங்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வந்து உட்கார்ந்தன. “அந்தப் பெட்டி ரெண்டையும் கொண்டாங்க, இன்னைக்கு அதுகளும் ஆயுதந்தான்” என்றது அம்மா. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. ஒரு நாள் போயிற்று. நான் முணுமுணுத்தேன். மதினி, “ஒரு நாள்தான தம்பி, இன்னும் நேரம் இருக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் காட்டியதும் அண்ணன் லேப்டாப்பையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நடுக்கூடத்து மேஜைக்கு வந்தான். வயர்களைச் செருகி, சிடியை வைத்து, ஆரம்பித்தான். பெட்டி உறுமியது. கொஞ்ச நேரம் போய் நின்றுவிட்டது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எழுதும்போது பிழை என்பது மட்டும்தான் அதன் சாரம், என்ன பிழை என்று அதற்கே தெரியவில்லை. பாதியில் நின்ற சிடி அத்தோடு வீண். திரும்ப அதில் எழுத முடியாது.

அண்ணன் இன்னொன்றை வைத்தான். அதுவும் நின்றது. மூன்றாவதை எடுத்தவனின் கையை மதினி பிடித்துக்கொண்டார். “இருங்க. எதையும் மாத்தாம அதையே திரும்பச் செஞ்சா அதேதான நடக்கும்?”

அப்போதிலிருந்து அந்த வேலை மதினி கைக்கு வந்தது. அதை அண்ணன் விட்டுக்கொடுத்ததும் பெரிய விஷயம்தான். கம்பெனி சாமான் என்று, பெட்டியின் மூடியைத் திறந்து சிடி வைப்பதை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, எனக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. அம்மா, “கண்ணுப்பட்டிருக்கும்” என்று மிளகாயும் உப்பும் எடுக்கப் போனது. மதினி மட்டும், அடுப்பில் பால் வைத்திருக்கிற ஆள் மாதிரி, கண்ணை எடுக்காமல், பதறாமல் உட்கார்ந்திருந்தார்.

“இது எப்படி எழுதுதுன்னு சொல்லுங்க” என்று அண்ணனைக் கேட்டார். அவன் சொன்னான். லேப்டாப் இடைவிடாமல் விஷயத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பெட்டி வாங்கி எழுதிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு நொடி வரத்து நின்றாலும் சிடி போச்சு. “தேங்குழல் பிழியிற மாதிரி. கை நின்னா அறுந்துரும்” என்றார் மதினி. எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஒரு மாதமாகச் சொல்லியும் புரியாதது அது.

அவர் செய்த முறையை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பம்புசெட் நின்றால் நான் எல்லா நட்டையும் ஒரே சமயத்தில் கழற்றிப்போடுகிறவன். மதினி ஒரு தடவைக்கு ஒரு சந்தேகத்தைத்தான் எடுத்துக்கொண்டார், முதலில் வரத்து. லேப்டாப்பில் வேறு எதுவும் ஓடாதபடி எல்லாவற்றையும் மூடினார். சும்மா இருந்தால் திரையில் ஓடுமே மீன் படம், அதையும் நிறுத்தினார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். சிடி நின்றது. “சரி, வரத்துல குறையில்லை” என்றார். தோற்றுப்போன குரலாக இல்லை அது, கணக்கில் ஒரு வரி முடிந்தது போலச் சொன்னார்.

நான் கரண்ட்டைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் லைனில் ஒரு அரிசி மில் இருந்தது. அது ஓடும்போது எங்கள் வீட்டில் டியூப்லைட் கண்ணடிக்கும், ஃபேன் நடக்கத் தொடங்கிவிடும். லேப்டாப்புக்கு பாட்டரி உண்டு, இந்தப் பெட்டிக்கு இல்லையே. புதன்கிழமை மில்லில் வேலை இல்லை, பூஜைக்காகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எழுதியது. இன்றைக்கு விஜயதசமி, நல்ல நாள் என்று காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். எழுதவில்லை. எனக்கு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. “மில்லுதான் மதினி” என்றேன். “இருக்கலாம். மில்லு ஓடாதப்ப ஒண்ணு எழுதிப் பாத்தாத் தெரியும்” என்றார்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மேனேஜர் எனக்கு மாமா முறை.

“மாமா, ஒரு அரை மணி நேரம் மோட்டார நிறுத்த முடியுமா?”

“ஏன்ப்பா, யாருக்கும் அடிகிடி பட்டுருச்சா?”

“இல்ல மாமா. மதினி சிடி எழுதுறாக.”

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். விஜயதசமியும் அதுவுமாக இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார். பிறகு, “டீச்சருக்கா?” என்று கேட்டார். அவருடைய மகள் ஒரு வருஷம் மதினியிடம் படித்தவள். “அவுகளுக்குன்னா சரி. சாப்பாட்டு நேரத்த முன்னாடியே விட்டுர்றேன். அரை மணிக்கு மேல இழுக்காதீக” என்று உள்ளே போய் மணி அடிக்கச் சொன்னார். ஒரு டீச்சருக்காக மில் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலைக்காரர்கள் பதினொன்றரைக்கே தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள், யாருக்கும் பசியில்லை.

நான் வெற்றியோடு வீட்டுக்குத் திரும்பினேன். டியூப்லைட் அசையாமல் எரிந்தது. அண்ணன் சிடியை வைத்தான், மதினி ஆரம்பித்தார். பாதிக்கு முன்பே நின்றது.

எனக்கு அவமானமாக இருந்தது, ஒரு மில்லையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். மதினி, “நல்லதாப் போச்சு தம்பி. நீங்க போயி நிறுத்தலைன்னா கரண்ட்டையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருப்போம்” என்றார். இப்படி ஒரு வார்த்தையை அந்த நேரத்தில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? கட்டுக்குள் ஒரே ஒரு காலி சிடிதான் மிச்சம் இருந்தது.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். “விடு. இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. வாயாலயே சொல்லிக்க. வெறுங்கையோடதான் எல்லாரும் வரப்போறாக.”

அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. சிடி எழுதாவிட்டால் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காவிட்டால் தையில் அவர் சிங்கப்பூருக்கு வந்துவிடுவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம் யாருக்கு என்று என் மனசு கணக்குப் போட்டது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் வேறு பிரச்சினை ஆகியிருக்கும்.

மதினி மிச்சமிருந்த சிடியைத் தொடவில்லை. வீணாய்ப் போன சிடிகளை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனார். எழுதின இடம் கொஞ்சம் கறுத்துத் தெரியும், எழுதாத இடம் வெளுத்து இருக்கும். ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நின்றிருந்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. திரும்பி வந்து அண்ணனிடம் கேட்டார்.

“புதன்கிழமை எழுதுனீகளே, அந்தச் சிடி எங்க?”

“அது நல்லாத்தான இருக்கு. அத எதுக்குக் கேக்குற?”

“எழுதுறது இருக்கட்டும். இந்தப் பெட்டி படிக்குதான்னு பாப்போம்.”

அண்ணன் எடுத்துவந்து பெட்டியில் வைத்தான். மதினி ஓட வைத்தார். பெட்டி சுற்றியது, முக்கியது, நின்றது. இரண்டு நாள் முன்பு தானே எழுதிய சிடியைத் தானே படிக்க முடியவில்லை அதற்கு. எனக்கு இன்றைக்கும் அந்த நிமிஷம் பிடிக்கும். அண்ணனும் நானும் காலையிலிருந்து எழுதுவதையே கட்டிக்கொண்டு அழுதோம், அதற்குப் படிக்கவே தெரியவில்லை என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

“புதன்கிழமை கண்ணு நல்லாத் தெரிஞ்சது. இன்னைக்குத் தெரியலை. நடுவுல என்ன நடந்துச்சு?” என்று தனக்குள் கேட்பது போலக் கேட்டார். பிறகு சிடியை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். நடு ஓட்டையைச் சுற்றி மங்கலாக மஞ்சளாய் ஒரு தீற்றல். விரலால் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனார்.

“அத்தை, நேத்து இதுக்குப் பொட்டு யாரு வச்சா?”

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. “நான் வைக்கலைத்தா. அவன்தான் ‘நானே வச்சுக்கிறேன்’னு கிண்ணத்த வாங்கிட்டுப் போனான்.”

மூன்று பேரும் அண்ணனைப் பார்த்தோம். வெளியே பொட்டு வைத்தால் கறை பிடித்துவிடும், கம்பெனி சாமான், திருப்பிக் கொடுக்கும்போது கேள்வி வரும். வைக்காமல் விட்டால் அம்மா விடாது. யோசித்திருக்கிறான் எஞ்சினியர். மூடியைத் திறந்து, வெளியே தெரியாதபடி, உள்ளே நடுக் குமிழுக்குப் பக்கத்தில் அழகாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருக்கிறான். ஒரு ராத்திரியில் அது காய்ந்து பொடியாகி, சிடி சுற்றுகிற சுற்றில் பறந்து, அந்தப் பொட்டுக்கடலைக் கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மதினி மூடியைத் திறந்து காட்டினார். குமிழுக்குப் பக்கத்தில் பாதி உதிர்ந்த பொட்டு இருந்தது, கண்ணாடிமேல் லேசான சிவப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அதைவிட மோசமாக, வேண்டுமென்றே செய்தானோ என்கிற சந்தேகமும் வந்தது. மதினி முகத்தில் அந்தச் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துவரச் சொன்னார்.

“அதைத் தொடாத. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்த கம்பெனி சாமான்” என்றான் அண்ணன்.

“பொட்டு வைக்கும்போது கம்பெனியக் கேட்டுக்கிட்டா வச்சீக?”

அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். காலையிலேயே குளித்திருந்தவன்.

மதினி ஒரு ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றினார். முதலில் குமிழைச் சுத்தம் செய்து, ஒரு துகள்கூட இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு புதுப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பிழிந்து, அந்தக் கண்ணாடியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுத்தார். அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இருபது வருஷம் டிராக்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பயப்பட வேண்டிய வேலையை அவர் பயந்துகொண்டேதான் செய்தார். விரல் மட்டும் அதைக் காட்டவில்லை.

காயவிட்டு, புதன்கிழமைச் சிடியை வைத்தார். படித்தது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். திரும்பவும் படித்தது. அதற்குப் பிறகுதான் கடைசிக் காலிச் சிடியை உறையிலிருந்து எடுத்தார்.

இருப்பதிலேயே குறைந்த வேகம். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களையெல்லாம், “உள்ள வேலை நடக்குது, அங்குட்டு நில்லுங்க” என்று திருப்பி அனுப்பியது. அண்ணன் குளித்துவிட்டு வந்து மேஜைக்கு எதிரே சத்தமில்லாமல் உட்கார்ந்தான். மதினி, “பாத்துக்கிட்டே இருந்தா வேகமா ஓடிருமா?” என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டார். இவருக்குத் தவிப்பே கிடையாதா என்று நினைத்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டோம்.

சிடி எழுதி முடிந்தது. “குச்சிய யாரும் முறிக்கலை, பயப்படாதீங்க” என்று மதினியின் குரல் லேப்டாப்பிலிருந்து வந்தபோது அம்மா வாசலிலிருந்து எழுந்து வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் அண்ணனைக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ் வர நேரம் இருந்தது. மனசில் வைத்துக்கொள்ள முடியாத ஜென்மம் நான், கேட்டுவிட்டேன்.

“அண்ணே, மதினி உன்கூட வரணும்னு உனக்கு இல்லையா?”

“இல்லாம? வரணும்னுதான் வீடே பாத்தேன்.” லேப்டாப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். “ஆனா தோத்துப்போயி வரக்கூடாதுடா. உள்ள பொட்டு வைக்கும்போது அதத்தான் வேண்டிக்கிட்டேன். அது இப்படிப் போகும்னு யாரு கண்டா?”

என் சந்தேகத்தை அங்கேயே பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மதினியை என் பைக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது, அதன் நிழலில் நின்றேன். உள்ளே தலைமை சிஸ்டரும், இன்னொரு சிஸ்டரும், கமிட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். சிடி ஓடியது. குச்சி தண்ணீரில் இறங்கி முறிந்து, முறியவில்லை என்று ஆகி, பாடம் முடிந்தது.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல எஞ்சினியர்னு போட்டிருக்கு. அவர் செஞ்சு குடுத்ததா?” என்று பெரியவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாராட்டாகவே கேட்டார். எனக்கு ஜன்னல் வழியாக உள்ளே குதித்துவிடலாமா என்று இருந்தது.

“அவர் எஞ்சினியர்தான் ஐயா. இது நான் செஞ்சது” என்றார் மதினி. “இதுல எதை மாத்தணும்னு சொல்லுங்க, இங்கயே மாத்திக் காட்டுறேன்.”

தலைமை சிஸ்டர் முன்னால் சாய்ந்தார். “குச்சிக்குப் பதிலா ஒரு மீன் வைக்க முடியுமா?”

மதினி மவுஸைக் கையில் எடுத்தார். பழக்கமில்லாத கம்ப்யூட்டர். எனக்குத் தெரிந்த மதினி அவசரப்படவில்லை. ஒரு மீன் வந்தது, கொஞ்சம் கெண்டையாட்டம் இருந்தது. அதன் நிஜமான இடம் கீழே, நம் கண்ணுக்குத் தெரிகிற இடம் மேலே என்று இரண்டு கோடு போட்டுக் காட்டினார். “அதனாலதான் சிஸ்டர், தூண்டில் இல்லாம கையால பிடிக்கிறவங்க மீனுக்குக் கீழ கைய விடுவாங்க” என்றார். இரண்டு சிஸ்டர்களும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு மீனைப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து வேலைக்கான உத்தரவு வந்தது. நிரந்தரம். அம்மா அந்தக் காகிதத்துக்கும் ஒரு பொட்டு வைத்தது, இந்தத் தடவை வெளியில்.

அன்று சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. மதினிதான் எடுத்தார். “கிடைச்சிருச்சு” என்று ஒரே வார்த்தை சொன்னார். பிறகு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. சிடிகள் வரிசையாக வீணாய்ப் போன அன்றைக்கு இமை கூடத் தட்டாதவர், ரிசீவரைக் காதில் வைத்தபடியே அழத் தொடங்கினார். போட்டு வைத்த கணக்கு தப்பிய வருத்தத்தில் அண்ணன் ஏதோ சொல்லிவிட்டான், ஒப்பந்தம், வீடு, பாஸ்போர்ட் என்று ஆரம்பித்திருப்பான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ரிசீவரை வாங்கி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கையை நீட்டினேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

“என்ன மதினி, என்ன சொல்றான் அவன்?”

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒப்பந்தம் எனக்கு மட்டும் இல்லையாம் தம்பி. கிடைக்கலைன்னா நான் அங்க போகணும். கிடைச்சிருச்சுன்னா, அவுக வேலைய விட்டுட்டு இங்குட்டு வந்துர்றதுன்னு அன்னைக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டாகளாம்.”